எரிதலும் புகைதலும்

மாந்தர் பெற்ற பேறுகளுள் தீயைத் தம் வயப்படுத்தியதினும் சிறந்தது பிறிதொன்று இல்லை எனலாம். குளிரை நீக்கவும், இருளை அகற்றவும், உணவைப் பதப்படுத்தவும், மண்ணைக் கலமாக்கவும், கல்லினின்று இரும்பைப் பிரித்தெடுக்கவும் தீயே துணையாயிற்று. விலங்குகள் கண்டு அஞ்சி ஓடும் அத்தீயை, மனிதன் மட்டுமே அழைத்து வந்து, தன் வீட்டின் ஒரு மூலையில் அடுப்பு என்னும் இருக்கை தந்து அமரச் செய்தான். அன்று தொட்டு, அடுப்பெரியாத வீட்டை மக்கள் வாழும் வீடாக நாம் கருதுவதில்லை.

ஆயினும், வந்த விருந்து தனித்து வரவில்லை. புகை என்னும் துணையையும் உடன் அழைத்து வந்தது. தீ தொட்டவுடன் சுடுமாதலின் நாம் அதற்கு அஞ்சுகின்றோம். புகையோ உடனே ஊறு செய்வதில்லை. கண்ணைச் சிறிது கரிக்கச் செய்து, இருமலைச் சிறிது வருவித்து, அகன்று விடுகின்றது. ஆதலின் அதனைப் பொறுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். இப்பொறுமை எத்துணைப் பெரிய இழப்பிற்கு ஏதுவாயிற்று என்பதை இப்பாடத்திற் காண்போம்.

தமிழில் நெருப்பின் செயலைக் குறிக்கும் சொற்கள் பல உள. அவற்றுள் எரிதல், புகைதல் என்னும் இரண்டை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம். நன்குலர்ந்த சுள்ளியை அடுப்பிலிட்டு ஊதுகுழலால் ஊத, சுடர் ஓங்கி எழுமாயின் ‘அடுப்பு எரிகிறது’ என்கின்றோம். ஈர விறகு சுடர் விடாது கிடந்து கண்ணை வருத்துமாயின் ‘அடுப்புப் புகைகிறது’ என்கின்றோம். இரண்டிடத்தும் நெருப்பு உண்டு. எனினும் நிகழ்வது ஒன்றன்று, வேறு வேறு. இவ்வேறுபாட்டை நம் முன்னோர் கண்ணாற் கண்டு இருவேறு வினைச்சொற்களால் வழங்கினர். அறிவியலார் அதனையே ஆராய்ந்து, நிறைவாக எரிதல், குறையாக எரிதல் என இருவகைப்படுத்தி விளக்குவர்.

எரிதலாவது யாது? விறகு, வறட்டி, நிலக்கரி, மண்ணெண்ணெய், மெழுகு முதலிய எரிபொருள்களிலெல்லாம் கரிப்பொருள் உண்டு. பெரும்பாலும் ஹைட்ரஜனும் உண்டு. இவை காற்றிலுள்ள பிராணவாயுவோடு, அஃதாவது ஆக்சிஜனோடு, விரைந்து கூடுங்கால் வெப்பமும் ஒளியும் தோன்றுகின்றன. அக்கூட்டமே எரிதல் எனப்படும். வேண்டும் அளவு காற்றும், போதிய சூடும், எரிபொருளின் ஆவியும் காற்றும் நன்கு கலத்தற்கு வேண்டிய இடமும் காலமும் வாய்த்தால், கரி முழுவதும் கரியமிலவாயுவாகவும் ஹைட்ரஜன் முழுவதும் நீராவியாகவும் மாறிவிடும். இவ்விரண்டும் நாம் மூச்சு விடுங்கால் வெளிப்படுவனவே.

ஆனால், மேற்கூறியவற்றுள் ஒன்று குறையினும் எரிதல் நிரம்பாது. விறகை அடுப்பில் நெருக்கித் திணித்தால் காற்றுக் குறையும். ஈர விறகை இட்டால், தீயின் வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிச் சூடு குறையும். குளிர்ந்த பானையின் அடியில் சுடர் முட்டினால் அவ்விடத்து எரிதல் இடையறும். அங்ஙனம் எரிந்தும் எரியாமலும் எஞ்சி நிற்பனவற்றின் கலப்பே புகை. அதில் மிக நுண்ணிய கரித்துகள்கள் உண்டு; தாரைப் போன்ற பிசுபிசுப்பான பொருள்கள் உண்டு; கண்ணையும் தொண்டையையும் வருத்தும் ஆவிகள் உண்டு; கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சும் உண்டு.

இதனை ஓர் எளிய சோதனையால் அறியலாம். எரியும் மெழுகுவத்தியின் மஞ்சட் சுடருக்குள் ஒரு கரண்டியின் அடிப்பக்கத்தைச் சிறிது நேரம் காட்டுக. கரண்டியில் கரி படியும். அக்கரி கரண்டியினின்று வந்ததன்று, சுடருக்குள்ளேயே இருந்தது. மெழுகினின்று பிரிந்த கரித்துகள்கள் சுடரினுள் பழுத்து ஒளிவிடுகின்றன. அவ்வொளியே மெழுகுவத்தியின் ஒளி. சுடரின் ஓரத்தை அடைந்து காற்றோடு கூடியதும் அவை எரிந்து மறைகின்றன. கரண்டி இடையிற் புகுந்து குளிர்வித்தமையால் அவை எரியாமற் படிந்தன. இவ்வுண்மையை மைக்கேல் பாரடே என்னும் ஆங்கிலேய அறிஞர், 1860-ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் மாநகரில் சிறுவர்களுக்கென மெழுகுவத்தியைப் பற்றித் தொடங்கிய ஆறு சொற்பொழிவுகளில் அழகுற விளக்கினார்.

நம் நாட்டு அளவை நூலாரும் புகையை ஆராய்ந்தனர். மலைமேற் புகை எழக் கண்டால், ஆண்டு நெருப்பு உண்டு என்று உய்த்துணர்க என்பது அவர்கள் காட்டிய வழி. அதற்கு எடுத்துக்காட்டாக அவர்கள் கூறியது அடுக்களையே. மணிமேகலைக் காப்பியத்தில் அளவை பற்றி வரும் பகுதியிலும் இவ்வெடுத்துக்காட்டு இடம்பெற்றுள்ளது. அடுக்களை என்றாலே புகையுடைய இடம் என்பது எல்லார்க்கும் உடன்பாடாக இருந்தமையின் அன்றோ, அது மறுக்க இயலாத சான்றாகக் கொள்ளப்பட்டது! அப்புகையினிடையே நின்று சமைத்தவள் யாவள், அவளுக்கு நேர்ந்தது யாது என அளவை நூல் வினவிற்றில்லை. அங்ஙனம் வினவுதல் அதன் தொழிலும் அன்று. அவ்வினாவை எழுப்ப வேண்டியவர் மருத்துவர்.

புகை செய்யும் தீங்கை முதன்முதல் திட்டமாக எடுத்துரைத்தவருள் ஒருவர், இலண்டனில் அறுவை மருத்துவராக விளங்கிய பெர்சிவால் பாட் என்பவர். அக்காலத்து இங்கிலாந்தில், வீடுகளின் நிலக்கரிக் கணப்புகளுக்கு மேலே குறுகிய புகைக்கூண்டுகள் இருந்தன. அவற்றில் அடையும் கரியைத் துடைக்க, ஏழைச் சிறுவர்களை அக்கூண்டுகளினுள் ஏறச் செய்வர். அச்சிறுவர்களின் உடலில் கரி இடைவிடாது படிந்திருக்கும். அவர்கள் வளர்ந்து ஆளாகியபின், பிறரிடம் அரிதாகக் காணப்பட்ட ஒருவகைத் தோற்புற்றுநோய் அவர்களை வருத்துவதைப் பாட் கண்டார். அந்நோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று 1775-ஆம் ஆண்டில் எழுதினார். ஒரு தொழிலிற் படியும் பொருளே புற்றுநோயை விளைவிக்கும் என்பது அதனால் தெளிவாயிற்று.

உண்மை வெளிப்பட்டது, ஆயினும் அச்சிறுவர்கள் உடனே விடுதலை பெற்றிலர். எட்டு வயது நிரம்பாதாரை அத்தொழிலிற் சேர்த்தல் ஆகாது என்று 1788-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தனர்; அதனை மதித்தவர் சிலரே. 1840-ஆம் ஆண்டில் வேறொரு சட்டம் செய்தனர். அதுவும் நன்கு நடைபெறவில்லை. 1875-ஆம் ஆண்டில், உரிமம் பெற்றாரே அத்தொழிலைச் செய்தல் வேண்டும், அதனைக் காவலர் கண்காணித்தல் வேண்டும் என்று விதித்த பின்னரே அக்கொடுமை ஒழிந்தது. அறிதற்கும் செய்தற்கும் இடையே நூறாண்டு கழிந்தது. இந்த நூறாண்டை மாணவர்கள் நினைவிற் கொள்வார்களாக.

பாட் கண்டது நோயை. அந்நோயை விளைவிப்பது கரியிலுள்ள எப்பொருள் என்பது பின்னரே விளங்கிற்று. 1915-ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டு அறிஞராகிய யாமகிவா, இச்சிகாவா என்னும் இருவரும், முயல்களின் காதில் நிலக்கரித் தாரைப் பன்முறை பொறுமையுடன் தடவிவந்து, அவ்விடத்துப் புற்றுநோய் தோன்றுவதை மெய்ப்பித்தனர். 1933-ஆம் ஆண்டில் இலண்டன் ஆராய்ச்சியாளர், மிகுதியான நிலக்கரித் தார்க்கட்டியை வடித்துப் பிரித்து, அதனின்று பென்சோபைரீன் என்னும் பொருளைத் தனித்தெடுத்தனர். புற்றுநோய் விளைக்கும் ஆற்றலுடைய இப்பொருள் நிலக்கரிப் புகையில் மட்டுமன்றி, விறகுப்புகையிலும் புகையிலைப் புகையிலும் வண்டிகள் உமிழும் புகையிலும் உண்டு. எது குறையாக எரியினும் இஃது உடன் பிறக்கும் என அறிக.

இனி, புகை உடலினுட் செல்லும் வழியைக் காண்போம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரங்கூறு செய்தால் ஒரு கூறு மைக்ரான் எனப்படும். நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான். தெருப்புழுதியிற் பெருந்துகள்கள் மூக்கின் மயிராலும் சளியாலும் தடுக்கப்பட்டு வெளியேறிவிடும். புகைத்துகள்களோ பெரும்பாலும் இரண்டரை மைக்ரானுக்கும் குறைந்தவை. மயிரின் பருமனில் முப்பதில் ஒரு பங்கும் இல்லாதவை. மூக்கென்னும் வாயிற்காவலனுக்கு அவை அகப்படுவதில்லை. மூச்சுக்குழலின் கிளைகள்தோறும் புகுந்து, நுரையீரலின் கடைசியிலுள்ள நுண்ணறைகள் வரை செல்கின்றன. அவற்றுள் மிக நுண்ணியவை குருதியிலும் கலக்கின்றன. இதனாலேயே புகை நுரையீரலுக்கு மட்டும் பகையன்று. இதயத்திற்கும் மூளைக்கும் பகையாகின்றது. நாட்பட்ட மூச்சடைப்பு, நுரையீரற் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், கண்புரை, குழந்தைகட்கு வரும் நிமோனியா ஆகியன புகையோடு தொடர்புடைய நோய்கள் என மருத்துவர் கண்டுள்ளனர்.

நம் நாட்டில் இவ்வுண்மையை ஆராய்ந்தவருள் முன்னிற்பவர் டாக்டர் பத்மாவதி அம்மையார். பர்மாவிற் பிறந்து, போர்க்காலத்தில் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்த குடும்பத்தினர்; இந்தியாவின் முதற் பெண் இதயநோய் மருத்துவர் எனப் போற்றப்பட்டவர்; 103 ஆண்டு வாழ்ந்து 2020-ஆம் ஆண்டில் மறைந்தவர். டில்லியில் அவர் பணியாற்றிய காலத்தில், நுரையீரல் கெட்டு, அதனால் இதயத்தின் வலப்பகுதி தளர்ந்து வருந்தும் நோயாளிகளைக் கண்டார். பிறநாடுகளில் இந்நோய், புகைபிடிக்கும் ஆடவரிடத்தே மிகுதியாகக் காணப்படுவது. ஈண்டோ, புகைபிடித்தறியாத பெண்களையும் அது பற்றியிருந்தது. வறட்டியும் விறகும் எரியும் அடுப்பின் முன் அப்பெண்கள் இளமை முதல் இருந்து சமைத்ததை அவர் எண்ணிப் பார்த்தார். அடுப்புப் புகையைக் காரணமாகச் சுட்டும் அவ்வாராய்ச்சி 1959-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அடுத்து, 1981-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞராகிய கிர்க் ஸ்மித் என்பவர் இந்திய ஆராய்ச்சியாளருடன் கூடி, குசராத்துச் சிற்றூர்களில், சமைக்கும் பெண்கள் மூச்சுவிடும் காற்றைச் சிறு கருவிகளாற் சேர்த்து அளந்தார். பெருநகரத் தெருக்களின் காற்றிலும் அவ்வடுக்களைகளின் காற்று மிகவும் மாசுபட்டதாயிருந்தது. பின்னர்ச் சென்னை ஸ்ரீராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியினர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலும் இத்தகைய அளவைகளைச் செய்து, சமைப்பவர் மட்டுமன்றி அருகிருப்பாரும் புகைக்கு ஆளாதலைக் காட்டினர். வீட்டினுட் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் மக்கள் உயிரிழந்தனர் என்றும், அவருள் 2,37,000 பேருக்கு மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. தாயின் இடுப்பிலும் மடியிலும் இருந்த குழந்தைகள் அவர்கள். அன்பினால் அணைத்துக்கொண்ட இடமே நச்சுக்காற்று நிறைந்த இடமாயிற்று.

இதுகாறும் கண்ணுக்குத் தெரியும் புகையைக் கூறினோம். இனிக் கண்ணுக்குத் தெரியாத பகையைக் கூறுவோம். புகை உள்ள இடத்து நெருப்பு உண்டு என்ற அளவை நூலார், நெருப்புள்ள இடமெல்லாம் புகை இருத்தல் வேண்டும் என்று கொள்ளற்க எனவும் எச்சரித்தனர். பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்புண்டு. புகை இல்லை என்று காட்டினர். அவ்வெச்சரிக்கை நமக்கும் வேண்டுவதே. கனன்று சிவந்த அடுப்புக்கரியைக் காண்க. அதிற் புகை இல்லை. ஆகவே தீங்கும் இல்லை என எண்ணுவோமாயின் உயிரையே இழக்க நேரும். ஏனெனில், கனலும் கரியினின்று கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வெளிப்படுகின்றது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, சுவை இல்லை, கண்ணையும் அது கரிப்பதில்லை.

நாம் உள்வாங்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது, குருதியின் செவ்வணுக்களில் உள்ள ஈமோகுளோபின் என்னும் பொருள். அப்பொருள் பிராணவாயுவைப் பற்றுவதினும் இருநூறு மடங்கிற்கு மேற்பட்ட வலிமையோடு கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்ளும். வண்டியில் உரியவர் ஏறுமுன் அயலார் ஏறி இடம்பிடித்துக்கொண்டால் உரியவர் வழியில் நிற்றல் போல, பிராணவாயு புறத்தே நிற்க, உடல் உள்ளே வாடும். முதலில் தலைவலி தோன்றும். பின்னர்த் தலைசுற்றலும் குமட்டலும் சோர்வும் வரும். அதன்பின் அறிவு மயங்கும். உறங்குவார் இக்குறிகளையும் உணரமாட்டார், உறக்கத்திலேயே மாள்வர்.

ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் அறிஞர், இந்நஞ்சின் தன்மையை அறிதற்பொருட்டு 1890-களில் தாமே அதனை மூச்சிலேற்று, தம் உடலில் நேரும் மாறுபாடுகளைக் குறித்தார். நிலக்கரிச் சுரங்கங்களில் விபத்து நேர்ந்தபின் இந்நஞ்சு பரவி, மீட்கச் சென்றாரையும் மாய்த்து வந்தது. விரைந்து மூச்சுவிடும் சிற்றுயிர்கள் மனிதரினும் முன்னதாக மயங்குமாதலின், அவற்றை உடன் கொண்டு செல்க என அவர் அறிவுறுத்தினார். அவ்வாறே 1911 முதல் 1986 வரை பிரித்தானியச் சுரங்கங்களில் கானரி என்னும் மஞ்சட் குருவிகள் கூண்டோடு எடுத்துச் செல்லப்பட்டன. பின்னர்க் கருவிகள் அவ்விடத்தைப் பெற்றன. நம் வீட்டறையில் கானரியும் இல்லை. பெரும்பாலும் கருவியும் இல்லை. ஆதலின் அறிவே நமக்குக் காவல். உதகை, கோடைக்கானல் போன்ற குளிர்மலைகளுக்குச் செல்வோர், கரி கனலும் அடுப்பை அறையினுள்ளோ கூடாரத்தினுள்ளோ வைத்துக் கதவடைத்து உறங்குதல் எஞ்ஞான்றும் ஆகாது. மின்சாரம் நின்றபோது இயக்கும் மின்னாக்கிப் பொறியை வீட்டினுள் வைத்தலும் அத்தகையதே.

நகரத்து மாணவர் சிலர், ‘எம் வீட்டில் எரிவாயு அடுப்பு உளது, எமக்கு இவ்வச்சம் இல்லை’ எனலாம். ஆயினும் குறையாக எரியும் பொருள்கள் வேறு பலவும் நம்மைச் சூழ்ந்துள்ளன. கண்ணாடிக் கூண்டில்லாத மண்ணெண்ணெய் விளக்கில், எரியும் எண்ணெயில் நூற்றுக்கு ஏழு முதல் ஒன்பது பங்கு கரித்துகளாகவே வெளிவருகின்றது என 2012-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு கூறும். அத்தகைய விளக்கொளியிற் பயின்ற எம் தலைமுறையினர், காலையில் மூக்கைத் துடைக்குந்தோறும் துணியிற் கரி படியக் கண்டோம். அதனைக் கல்வியின் அடையாளம் என்று நகைத்தோமேயன்றி, நுரையீரலில் எவ்வளவு படிந்திருக்கும் என எண்ணினோமில்லை.

கொசுவர்த்திச் சுருளும் அத்தகையதே. அது சுடர்விட்டு எரிவதில்லை. இரவு முழுவதும் புகைவதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு சுருள் எரிந்து முடியுங்கால் வெளிப்படும் நுண்துகளின் அளவு, 75 முதல் 137 வரையான சிகரெட்டுகள் எரிவதற்கு ஒப்பாகும் என 2003-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. ஊதுவத்தியும் சாம்பிராணியும் இவ்விதிக்கு விலக்கல்ல. அவற்றை ஏற்றுங்கால் சன்னலைத் திறந்து வைத்தல் பத்திக்கு இழுக்காகாது.

அடுப்புப் புகைதல் தன்வினை. பீடியையும் சிகரெட்டையும் ஒருவன் புகைத்தல் பிறவினை. முன்னது வறுமையால் நேர்வது. பின்னது தானே வருவித்துக்கொள்வது. புகைத்தலின் தீங்கு புகைப்பவனோடு நில்லாது, உடனிருக்கும் மனைவி மக்களையும் பற்றும் என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ளது.

குப்பையை எரித்தல் இன்னும் கொடிது. நம் முன்னோர் போகி நாளில் எரித்தவை பழம்பாயும் துடைப்பமும் ஓலையும் ஆகும். இன்று அவற்றோடு பிளாஸ்டிக் பைகளும் ரப்பர் வளையங்களும் கூடுகின்றன. சிலவகைப் பிளாஸ்டிக்குகள் குறையாக எரியுங்கால் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சுகள் தோன்றும். 2018-ஆம் ஆண்டுப் போகியன்று, புகையும் மூடுபனியும் கலந்து சென்னை விமான நிலையத்தை மறைத்தமையால் விமானங்கள் பல இறங்க இயலாமல் இடர்ப்பட்டன. இயந்திரங்களுக்கே வழி தெரியாதவாறு செய்த காற்றை, அன்று காலை நகரத்துக் குழந்தைகள் மூச்சாக உட்கொண்டனர்.

இவ்வாறு சிறு சிறு புகைகள் திரண்டால் ஒரு நகரமே அழிவுறும் என்பதற்கு இலண்டனே சான்று. 1952-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5 முதல் 9 வரை, காற்று அசையாது நிற்க, வீட்டுக் கணப்புகளும் ஆலைகளும் உமிழ்ந்த நிலக்கரிப் புகை பனியோடு கலந்து நகரை மூடியது. அதனால் நாலாயிரம் பேர் மாண்டனர் என அக்காலத்தார் கணித்தனர். பின்னை ஆய்ந்தோர் பன்னீராயிரம் வரை இருக்கலாம் என்பர். அத்துயரின் பயனாக 1956-ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டது. புகையைப் பொறுத்துக்கொள்வது இயல்பு என்றிருந்த மக்கள், அது நீக்கத்தக்கது என உணர்ந்தனர்.

நீக்கத்தக்கது என்பது வெறும் நம்பிக்கையன்று. சீன நாட்டு யுன்னான் மாநிலத்தில் சுவான்வே என்பதோர் ஊர்ப்பகுதி உண்டு. அவ்வூர்ப் பெண்கள் புகைபிடித்தல் அரிது; ஆயினும் அவரிடையே நுரையீரற் புற்றுநோய் மிகுந்திருந்தது. புகைபோக்கி இல்லாத வீட்டினுள் புகை மிக்க நிலக்கரியை எரித்தமையே காரணம் எனக் கண்டனர். பின்னர்ப் புகைபோக்கி உள்ள அடுப்புகளை மக்கள் அமைத்துக்கொண்டனர். அவ்வாறு மாற்றிய குடும்பங்களில் அந்நோய் 40 விழுக்காட்டிற்கு மேற் குறைந்தது என 2002-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு உரைத்தது. கூரைக்கு மேலே செல்லும் ஒரு குழாய் எத்தனை உயிர்களைக் காத்தது, பாருங்கள்!

ஆகவே நாம் செய்யத்தக்கன யாவை? விறகடுப்பே கதி என்பார், விறகை நன்கு உலர்த்திச் சிறு பிளவுகளாக்கி, காற்று நுழைய இடம்விட்டு எரித்தல் வேண்டும். புகைபோக்கி அமைத்தல் வேண்டும். இயலாதாயின் கூரையடியிலேனும் புகை செல்ல வழி விடுதல் வேண்டும். கைக்குழந்தையை அடுப்பருகிற் கிடத்தல் ஆகாது. எரிவாயு அடுப்புடையார், சுடர் நீலமாக எரிகின்றதா என நோக்குதல் வேண்டும். சுடர் மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடியிற் கரி பற்றுமாயின், எரிமுகத்தின் துளைகள் அடைபட்டுக் காற்றுக் குறைந்தது என்று அறிந்து துலக்குதல் வேண்டும். கொசுவிற்குச் சுருளினும் வலை நன்று. குப்பையை எரியாது மக்குவதையும் மக்காததையும் பிரித்துக் கொடுத்தல் வேண்டும். கரியடுப்பு இருந்த அறையில் ஒருவர் மயங்கிக் கிடக்கக் கண்டால், கதவு சன்னல்களைத் திறந்து, அவரை உடனே வெளிக்காற்றிற்குக் கொணர்ந்து, தாமதியாது மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.

பத்மாவதி அம்மையாரின் ஆராய்ச்சி வெளிவந்த ஆண்டு 1959. ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்பு அளிக்கும் உஜ்வலா திட்டத்தை நடுவணரசு தொடங்கிய ஆண்டு 2016. இடைப்பட்டவை ஐம்பத்தேழு ஆண்டுகள். அத்திட்டத்தால் பத்துக் கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள் வழங்கப்பெற்றன. எனினும் உருளை தீர்ந்தபின் மறு உருளை வாங்கப் பொருளின்றி, மீண்டும் விறகைத் தேடுவார் இன்றும் பலர். அறிதற்கும் செய்தற்கும் இடையே இலண்டனில் நூறாண்டு கழிந்ததைக் கேட்டு வியந்தோம்; நம் கணக்கும் இன்னும் முடிந்திலது.

மாணவர்களே! இன்று மாலை வீடு சென்றதும் உங்கள் அடுக்களையின் கூரையையும் சுவரையும் நிமிர்ந்து நோக்குங்கள். அங்கே கரி படிந்திருக்குமாயின், அச்சுவர் நாடோறும் பெற்றதையே உங்கள் அன்னையும் பாட்டியும் மூச்சாகப் பெற்றுவந்தனர் என்று உணருங்கள். சுவரை வெள்ளையடித்துத் தூய்மையாக்கலாம். நுரையீரலுக்கு வெள்ளையடிப்பார் இல்லை. சன்னல் அடைந்திருப்பின் திறந்து வையுங்கள். விறகு நனைந்திருப்பின் வெயிலில் உலர்த்துங்கள். பாட்டியின் இருமல் பழைய இருமல்தானே என்று விட்டுவிடாது, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு என்றும் எரிவதாகுக, ஒருநாளும் புகையாதாகுக.